சும்மா பார்ப்பது பாவமா?



காப்பாரில் ஓர் இரவு. சாப்பிட்டுவிட்டுக் கைப்பேசியைத் திறந்தேன். ஒரு நேரலையில் இரண்டு பேர், குடும்பத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆனால் இருபது நிமிடம் பார்த்தேன். "என்னடா பாக்குற?" என்று அம்மா கேட்டார். "சும்மாதாம்மா" என்றேன்.

2024 ஜூலைக்குப் பிறகு அந்தச் 'சும்மா' என்னை உறுத்துகிறது. டிக்டாக்கில் ஈஷா என்று பலரும் அறிந்த ராஜேஸ்வரி, இணையப் பகடிவதைக்கு ஆளாகி, போலீசில் புகார் செய்தும், கோலாலம்பூரில் உயிரிழந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. நாடே கொதித்தது. பகடிவதைக்கு எதிரான தண்டனைச் சட்டத் திருத்தம் 2025 ஜூலையில் அமலுக்கு வந்தது.

சட்டம் திட்டியவரைப் பிடிக்கும். பார்த்தவரை?

டிக்டாக்கை நடத்தும் பைட்டான்ஸ் நிறுவனம் 2012-இல் பெய்ஜிங்கில் தொடங்கியது. 2021 செப்டம்பருக்குள் மாதம் 100 கோடிப் பேர் டிக்டாக்கைப் பயன்படுத்தினார்கள். நம் நண்பர் யார் என்பதைவிட, எதை எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதை வைத்தே அது அடுத்த காணொளியைக் காட்டுகிறது. நாம் பரிதாபப்பட்டுப் பார்த்தோமா, ரசித்துப் பார்த்தோமா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. நாம் பார்த்த நேரம் அதற்குத் தெரியும். நம் நேரம்தான் விளம்பரக்காரர்களிடம் விலை போகிறது.

பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்தபோது பீஷ்மரும் துரோணரும் சும்மாதான் இருந்தார்கள். அந்த மௌனத்தை இன்றுவரை நாம் மன்னிக்கவில்லை. நம் நிலை அதைவிட மோசம். அந்தச் சபைக்கு வெளியே இருந்தவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. இங்கே நாம் உட்கார்ந்திருக்கும் நேரமே இன்னும் பத்துப் பேரை உள்ளே அழைக்கிறது.

"நான் ஒருத்தன் வெளியே போனா என்ன மாறிடும்?" என்று கேட்கலாம். நிறுவனம் மாறாது, உண்மைதான். இதே செயலியில் பலகாரம் விற்றுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. ஆனால் வினை என்பது நிறுவனத்தின் கணக்கு மட்டுமா? என் கணக்கும் இருக்கிறதே!

இப்போது அப்படி ஒரு சண்டை வந்தால் உடனே வெளியேறுகிறேன். திட்டு வாங்குபவர் தெரிந்தவர் என்றால், "சாப்பிட்டீங்களா?" என்று தனியாக ஒரு செய்தி அனுப்புகிறேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.