கையால் தைத்த கல்யாண வஸ்திரம்

தியானப் பகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 19:7, 8



மேலே குறித்த வேதபகுதியை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். பைபிள் காலேஜில் டிப்ளமோ படித்த நாட்களில் இந்த இரண்டு வசனத்துக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம் நோட்ஸ் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அதன் அர்த்தத்தை இந்த ஜனவரி மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு கிராமத்தில், நம் சபை மகள் ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கர்த்தர் அதை எனக்குப் போதித்தார். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. "மகிமை ஆண்டவருக்கே போகட்டும் பாஸ்டரய்யா, என் பேரு வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டாள்.

முதலாவது, என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். இந்த மகளுடைய அக்காளுக்கு 2014-ஆம் ஆண்டு கல்யாணம் நடந்தது. "வெளியூர் ஊழியக்காரர்கள் நிறையப் பேர் வருவாங்க, மண்டபம் பிடிச்சா சபைக்கு ஒரு சாட்சியா இருக்கும்" என்று சொன்னவன் நான்தான். தகப்பனார் என் வார்த்தையைத் தட்டவில்லை. பட்டாசு ஆலையில் முன்பணம் வாங்கினார், போதாததற்கு வெளியிலும் வட்டிக்கு வாங்கினார். மண்டபம் நிறைந்தது, பிரியாணி மணத்தது, நானும் ஒரு மணி நேரம் பிரசங்கித்தேன். மறுநாள் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். கடனை யார் பிரிப்பது?

அம்மா வீட்டில் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவர்கள். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தபோது அந்தக் கூலி நின்றுபோனது. வட்டி நிற்கவில்லை. ஆகையால் தகப்பனார் 2019-இல், கூலி கூடுதலாகக் கிடைக்கிறதே என்று, மருந்து அறைக்கு வேலைக்குப் போனார். மறு வருஷம் அங்கே தீப்பற்றியது. கர்த்தர் உயிரைக் காத்தார். ஆனால் வலது கையும் கழுத்தும் வெந்துபோயின. இன்றைக்கும் அவருடைய மூன்று விரல்கள் மடங்குவதில்லை.

பிரியமானவர்களே, நம் பக்கத்து வெடிவிபத்துகளை நீங்கள் அறிவீர்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் அநேகர் கருகினார்கள். அடக்க ஆராதனைகளில் நின்று அழுதிருக்கிறோம். ஆனால் அந்த அறைக்குள்ளே எத்தனை தகப்பன்மாரைக் கல்யாணக் கடன் தள்ளிவிட்டது என்று நாம் ஒரு நாளாவது கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை.

இப்போது இளைய மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை இரட்சிக்கப்பட்ட பிள்ளை, அருப்புக்கோட்டைப் பக்கம், தறி நெய்கிற குடும்பம். வரதட்சணை ஒரு பைசாகூட வேண்டாம் என்றார்கள். 1961-ஆம் ஆண்டிலேயே வரதட்சணையைச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும் சட்டத்துக்குப் பயந்தல்ல, கர்த்தருக்குப் பயந்து வேண்டாம் என்றார்கள். அல்லேலூயா! இவ்வளவு நல்லது நடந்தும் பழைய மனுஷன் எனக்குள் சாகவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டிய போதகர்கள் வருவார்களே, நம் சபையைக் குறைவாக நினைப்பார்களே என்று, "ஏம்மா, ஒரு ரெண்டு லட்சம் மட்டும் புரட்டினா சின்ன மண்டபமாவது பார்க்கலாமே" என்று சொல்லிவிட்டேன்.

அந்த மகள் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கல்யாணக் கார்டு மடிக்கிற வேலை பார்க்கிறவள். எதிர்த்துப் பேசுகிற பிள்ளை அல்ல. உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள்.

"அய்யா, ரெண்டு லட்சத்துக்கு மூணு வட்டின்னா மாசம் ஆறாயிரம். எனக்குக் கைக்கு வர்றது பத்தாயிரம். வருஷம் எழுபத்திரெண்டாயிரம் வட்டி மட்டும் கட்டுனாலும் முதல் அப்படியே நிக்கும். எங்கப்பாவுக்கு இன்னொரு கை இருக்கு, அதையும் குடுக்கச் சொல்றீங்களா?"

சபையாரே, எந்த கன்வென்ஷன் மேடையிலும் நான் இப்படி உணர்த்தப்பட்டதில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14:28-இல் ஆண்டவர் போதித்ததை, நான் வாயினால் போதித்தேன். இவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

அந்தக் கணக்கையும் கேளுங்கள். சீட்டுப் போட்டுச் சேர்த்தது 31,000 ரூபாய். பந்தல், நாற்காலி, பாத்திர வாடகை 7,500. நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு 17,000. வேன் 2,250. தலையில் போடும் நெட்டும், ரவிக்கைத் துணியும், நூலும் 950. கார்டு 800. மொத்தம் 28,500. மீதி 2,500.

பந்தல் எப்படி இவ்வளவு மலிவு என்று கேட்பீர்கள். ஜனவரி முதல் வாரம் மார்கழி அல்லவா? மார்கழியில் ஊரார் கல்யாணம் வைப்பதில்லை. பந்தல்காரர் சும்மாதான் இருந்தார், பாதி வாடகைக்கு வந்தார். நாள் நட்சத்திரம் பார்க்காத ஜனத்துக்குக் கர்த்தர் வைத்திருக்கிற லாபத்தைப் பாருங்கள்! நம்மில் எத்தனை பேர் ராகு காலத்தை நம்புவதில்லை என்று சாட்சி சொல்லிவிட்டு, முகூர்த்த நாளில் இரண்டு மடங்கு வாடகை கொடுக்கிறோம்?

கடைசி வாரம் முழுவதும் நான் அந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். வெட்டி மிஞ்சிய அட்டைகளை முதலாளியிடம் கேட்டு, அனுமதி வாங்கி, நூறு கார்டு ஒரே கலரில் அடித்துக் கொண்டுவந்திருந்தாள். தன் கையாலேயே மடித்தாள். சரம் பின்னி வேலை இழந்த அம்மாவின் விரல்கள், வெடியைப் பின்னின அதே பின்னலில் வெள்ளைக் காகிதப் பூக்களைப் பின்னிக்கொண்டிருந்தன. பந்தலின் நான்கு பக்கமும் அந்தச் சரம்தான் தொங்கியது. அதில் மருந்து இல்லை, திரி இல்லை, பயமும் இல்லை.

இந்த வீட்டில் தேவன் எனக்குக் கற்றுக்கொடுத்த நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

1. துணி மணவாளன் கொடுத்தது

அவள் உடுத்தின வெள்ளைச் சேலை மாப்பிள்ளை வீட்டுத் தறியில் நெய்தது. அவள் சம்பாதித்ததல்ல, வந்த கொடை. ஆனால் ஓரம் மடித்துத் தைத்ததும், ரவிக்கை தைத்ததும் அவள் கை. வெளிப்படுத்தின விசேஷம் 19:8-ஐக் கவனித்து வாசியுங்கள். மெல்லிய வஸ்திரம் மணவாட்டிக்கு அளிக்கப்படுகிறது. அதே வசனம் அந்த வஸ்திரத்தைப் பரிசுத்தவான்களின் நீதியான செய்கைகள் என்றும் விளக்குகிறது. இரட்சிப்பு இலவசம், அது கல்வாரியின் கொடை. ஆனால் கொடுக்கப்பட்ட துணியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, கலியாண நாளன்று எங்கே வஸ்திரம் என்று கேட்டால் என்ன சொல்வோம்? தினந்தோறும் ஒரு தையல். ஒரு மன்னிப்பு, ஒரு உண்மை, ஏழைக்கு ஒரு படி அரிசி. இப்படித்தான் ஓரம் தைக்கப்படுகிறது.

2. கடன் இல்லாத அலங்காரம்

அன்பைத் தவிர வேறொன்றிலும் ஒருவருக்கும் கடன்படாதிருக்கும்படி ரோமர் 13:8 நம்மைக் கேட்கிறது. கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்பதை நீதிமொழிகள் 22:7 காட்டுகிறது. பட்டாசு ஆலை முன்பணம் வாங்கினவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. 2025-ஆம் ஆண்டில் ஒரு பவுன் தங்கம் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. நம் சபையில் நகை அணிவதில்லை. மின்னு கட்டுகிற சபைகளை நான் குறை சொல்லவும் இல்லை. ஆனால் நகையை விட்டுவிட்ட நாம், அந்தப் பெருமையை மண்டபத்திலும், மேடை அலங்காரத்திலும், பிளக்ஸ் போர்டிலும் கொண்டுவந்து மாட்டிக்கொண்டோமே! 1 பேதுரு 3:3, 4 பேசுவது கழுத்தைப் பற்றி மட்டுமல்ல, இருதயத்தைப் பற்றி.

நம் மாவட்டத்துச் சரித்திரத்தையும் நினைத்துப் பாருங்கள். அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928-ஆம் ஆண்டு பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அவ்வகைத் திருமணத்துக்கு 1967-இல் சட்டமன்றம் சட்டமும் இயற்றியது. கடவுள் இல்லை என்றவர்கள் கல்யாணத்தை எளிமையாக்கத் துணிந்தார்கள். கடவுளை அறிந்த நாம் கூச்சப்படலாமா? அதற்கும் முன்னே, ராக்லாந்து ஐயர் சென்னையில் வகித்த மிஷன் பொறுப்பை விட்டு, இந்த வெயிலில் கூடாரத்தில் தங்கி, கிராமம் கிராமமாய்ச் சுவிசேஷம் சொல்லி, 1858-இல் சிவகாசியிலேயே மரித்தார். கூடாரத்தில் தங்கினவர் விதைத்த மண் இது. இதில் நாம் மண்டபத்துக்காகக் கடன்படுகிறோம்.

3. தழும்பை மறைக்காத மணவாட்டி

அந்த நெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்கிறார்களே, அந்தத் துணியில் புதிதாக மூன்று மீட்டர் வாங்கி, கஞ்சி போட்டு, ஓரத்தில் வெள்ளை நூலால் சின்னப் பூ வேலை செய்திருந்தாள். அத்தை ஒருத்தி பார்த்துவிட்டுப் பதறினார்கள்: "ஏ பிள்ள, புண்ணுக்குக் கட்டுற துணியவா கல்யாணத்துக்குப் போடுவ? அபசகுனம்டீ!"

அவள் சொன்னாள்: "அத்தை, ஒன்பது மாசம் எங்கப்பாவுக்கு இந்தத் துணியத்தான் நான் மாத்தி மாத்திக் கட்டுனேன். இது எங்க வீட்டுக்கு சுகத்தைக் கொண்டுவந்த துணி."

உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவுக்குத் தம்முடைய காயங்களைக் காண்பித்தார். மகிமையான சரீரத்திலும் தழும்பை மறைக்கவில்லை. அவருடைய தழும்புகளால் நமக்குக் குணம் வந்தது என்பதற்கு ஏசாயா 53:5 சாட்சி. அப்படியிருக்க, அவருடைய மணவாட்டியாகிய சபை தன் ஏழ்மையையும் காயத்தையும் பூவைத்து மூடுவது ஏன்?

4. கடைசித் தையல்

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். எல்லா வேலையும் முடிந்தது என்று நினைத்து ஜெபிக்கச் சொன்னேன். "இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு பாஸ்டரய்யா" என்றாள். சேலையின் ஓரத்தில் ஒரு ஜாண் தைக்காமல் இருந்தது. வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறாள்!

அவளுடைய அக்காள், "என் கல்யாணத்தாலதான அப்பா கை இப்படி ஆச்சு" என்ற குற்ற உணர்வில், வருஷக்கணக்காய் அந்த வீட்டு வாசலை மிதிக்காதிருந்தாள். தங்கச்சி போய் அழைத்ததினால் அன்று வந்து, வாசலோரம் நின்றுகொண்டிருந்தாள். இவள் ஊசியையும் நூலையும் நீட்டி, "இந்த ஓரம் உனக்குத்தாங்க்கா. நீ தைக்காம இதை நான் கட்ட மாட்டேன்" என்றாள். அக்காள் அந்த ஒரு ஜாணைத் தைக்க முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணீரில் நூல் தெரியவில்லை.

அப்போது ஆவியானவர் என்னைப் பார்த்து, நீ எப்போது தைக்கப்போகிறாய் என்று கேட்டதுபோல் இருந்தது. நான் எழுந்து தகப்பனாரிடம் போய், "அண்ணே, அன்னைக்கு மண்டபம் பிடிக்கச் சொன்னது நான். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வெந்த அந்தக் கையைத் தூக்கிக் காண்பித்து, "சொன்னது நீங்க வாஸ்தவம்தான் அய்யா. பத்திரத்துல கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான? ரெண்டு பேருமா சேர்ந்து ஆண்டவர்கிட்ட கேப்போம்" என்றார். இருவரும் முழங்காற்படியிட்டோம்.

மத்தேயு 25-இல் பத்துக் கன்னிகைகளும் தீவட்டி பிடித்திருந்தார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஐந்து பேரிடம் எண்ணெய் இருந்தது, ஐந்து பேரிடம் இல்லை. அன்று இரவு அந்த வீட்டில் எண்ணெய் இருந்தது.

மறுநாள் திருமணம் நடத்த உரிமம் பெற்ற மூத்த போதகர் வந்து உடன்படிக்கையை நடத்தினார். நான் ஜெபித்தேன். சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம். ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் பயந்திருந்த அந்தப் போதகர்களில் ஒருவர் என் காதில், "எங்க சபைப் பிள்ளைகளுக்கும் இப்படிப் பண்ணணும், அந்தக் கணக்கு நோட்டைக் கொஞ்சம் வாங்கித் தாங்க" என்றார். மீந்திருந்த 2,500 ரூபாய்க்கு அரிசியும் பருப்பும் வாங்கி, வெடிவிபத்தில் கணவனை இழந்த ஒரு சகோதரி வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் புதுப்பெண் வேன் ஏறினாள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் செய்ய வேண்டிய பதிவையும் முதல் வாரத்திலேயே முடித்துவிட்டார்கள்.

அன்பான பெற்றோரே, உங்கள் மகள் கல்யாணத்துக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் உங்கள் கையை ஒருமுறை பாருங்கள். வாலிபப் பிள்ளைகளே, உங்கள் அப்பாவின் கையைப் பாருங்கள். உடன் ஊழியரே, நாம் சொல்கிற ஒரு வார்த்தை ஒரு ஏழையை எந்த அறைக்குள் அனுப்பும் என்று யோசித்துப் பேசுவோம்.

அன்பான சபையே, நம் மணவாளன் வருகிறார். எக்காளம் எந்த நேரத்திலும் தொனிக்கும். துணி கொடுத்தாயிற்று, நாள் குறித்தாயிற்று. உன் வஸ்திரத்தில் தைக்காமல் விட்ட ஒரு ஜாண் எங்கே இருக்கிறது? பேசாமல் இருக்கிற சகோதரனிடத்திலா? அடைக்காத கடனிலா? கேட்காத மன்னிப்பிலா? ஊசியை எடு. இன்றைக்கே எடு.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, உமது தழும்புகளுக்காய் ஸ்தோத்திரம். எங்கள் வீண் பெருமையை மன்னியும். கடனில் நொறுங்கின குடும்பங்களை விடுதலையாக்கும். ஆலைகளில் வேலை செய்கிற எங்கள் ஜனத்தைச் செட்டைகளின் கீழ் மூடிக்கொள்ளும். உமது வருகைக்கு எங்களை ஆயத்தப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.