துளிர்க்காத இலை

சொன்னது உண்மையாக இருந்தால் போதும், முழுமையாக இருக்க வேண்டியதில்லை என்று எண்ணுவோர் பலர். கற்பிக்கும் பொறுப்பில் இருப்பவர்க்கு இவ்வெண்ணம் எத்துணைக் கேடு விளைவிக்கும் என்பதை, ஆசிரியப் பணியில் முப்பதாண்டுகள் கழிந்த பின்னரே நான் அறிந்துகொண்டேன். அதனை எனக்கு அறிவித்தது ஒரு மரம். மண்ணில் முளைத்த மரமன்று. கம்பியால் முறுக்கிய மரம்.

முன்னாளில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பொறியாளராகப் பணிபுரிபவர். ஸலாமும் நலவிசாரிப்பும் முடிந்தபின், ஓய்வு வேளைகளில் தாம் செய்துவரும் கைவேலையின் படங்கள் சிலவற்றை என் முன் வைத்தார். மேனாட்டார் 'டயராமா' என வழங்கும் காட்சிப் பேழைகள் அவை. மேசையளவு இடத்தில் ஒரு குன்று, ஓர் ஓடை, ஓடைக்கரையில் மரங்கள். மனிதரோ விலங்கோ பறவையோ எதிலும் இல்லை. மரங்களின் உயரம் ஒரு சாண் என்று அவர் சொல்லியிராவிட்டால், மெய்யான கானகத்தின் படங்கள் என்றே கொண்டிருப்பேன்.

"ஹஜ்ரத், இப்படிச் செய்வது மார்க்கத்தில் கூடுமா? வெகுநாளாக உங்களிடம் கேட்க வேண்டுமென்று இருந்தேன். அச்சமாக இருந்தது" என்றார்.

அந்த அச்சத்தின் காரணம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அவர் சிறுவராக இருந்தபோது, கம்பியை முறுக்கிப் பச்சைக் காகிதம் ஒட்டி, ஒரு சிறு மரம் செய்து வகுப்புக்குக் கொண்டுவந்தார். உருவம் சமைத்தவன் அதற்கு உயிரூட்டுமாறு மறுமையில் பணிக்கப்படுவான் என்று சொல்லி, "உன்னால் முடியுமா?" என அதட்டினேன். சிறுவர் மறுமொழி பேசாமல் அங்கேயே கம்பியைப் பிரித்துவிட்டார். நான் சொன்ன எச்சரிக்கை நபிமொழியில் உள்ளதுதான். ஆனால் அச்செய்தியின் பிற்பகுதியை அன்று நான் சொல்லவில்லை.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி அது. உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து, தம் வாழ்வு தம் கைத்தொழிலை நம்பியே இருப்பதாகக் கூறினார். அவர்களோ அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட எச்சரிக்கையை மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். வந்தவர் பெருமூச்செறிந்தார், முகம் வெளிறிப் போனார். அந்நிலையில் அவரை அப்படியே அனுப்பிவிடவில்லை இப்னு அப்பாஸ் (ரலி). செய்துதான் ஆகவேண்டுமெனில் மரங்களையும் ரூஹ் இல்லாத பொருள்களையும் செய்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள். தடையை உரைத்த நாவே வழியையும் திறந்துவிட்டது. என் வகுப்பிலும் ஒரு முகம் வெளிறிற்று. நான் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டேன்.

இத்துடன் வினா முடிந்துவிடவில்லை. மரத்துக்கு ரூஹ் இல்லையெனினும் அது வளர்கிறது, பூக்கிறது, காய்க்கிறது. படைப்பதில் தன்னுடன் போட்டியிடுவோர் ஒரு தானியத்தையோ ஒரு வாற்கோதுமை மணியையோ படைத்துப் பார்க்கட்டும் என இறைவன் அறைகூவுவதாகவும் நபிமொழி உண்டு. தானியமும் தாவரம்தானே! இதனைக் கருதிப் போலும், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவரான முஜாஹித் (ரஹ்), காய்கனி தரும் மரங்களை உருவமைப்பதை விரும்பவில்லை. பெரும்பாலான அறிஞர்கள் ஆசிரியரின் வழியையே ஏற்றனர். உமைய்யா கலீபா வலீத் காலத்தில், கி.பி. 715-ஐ ஒட்டி நிறைவெய்திய திமிஷ்குப் பெரும் பள்ளியின் சுவர்களில் வண்ணக் கற்பதிப்பாலான மரங்களும் மாளிகைகளும் ஆறும் இன்றும் காட்சி தருகின்றன. உயிரினம் ஒன்றும் அங்கில்லை. எனினும், மாணவரின் தயக்கத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. இலையைப் போல் இலை செய்யும் கைக்குச் செருக்கு வராதா? அவர் கேட்ட வினா அதுவே.

விடை தேடுமுன் வேலையின் முறையைச் சொல்லும்படி கேட்டேன். "சொல்லுங்கள் தம்பி" என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

மெல்லிய கம்பிகள் பலவற்றை ஒரு கட்டாகச் சேர்த்து, அடியில் இறுக முறுக்கினால் தண்டு. மேலே கட்டைப் பிரித்துப் பிரித்து முறுக்கினால் கிளை, அதைப் பிரித்தால் கொப்பு, கடைசியில் ஒற்றைக் கம்பியாய் நுனி. தண்டிலுள்ள கம்பிகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு நுனியும் கூடாது. பசையும் மாவும் கலந்து பூசிப் பட்டை அமைப்பார்கள். பட்டைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டுவது புதியவர் செய்யும் பிழை. மெய்யான மரங்களில் பெரும்பாலானவற்றின் பட்டை சாம்பல் சார்ந்தது. இதைத் தாம் மரத்தருகே நின்று பார்த்த பிறகே அறிந்ததாகச் சொன்னார்.

இலைதான் அரிய வேலை. எண்பத்தேழில் ஒரு பங்கு என்ற அளவில் 20 மீட்டர் மரம் 23 சென்டிமீட்டர் ஆகும். 8 சென்டிமீட்டர் இலையோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும். பெருமரம் ஒன்றில் இலைகள் இலட்சக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றாய் ஒட்ட எவராலும் இயலாது. ஆகவே நுரைப் பஞ்சை அரைத்துச் சாயமேற்றிய தூளை, பிரித்து விரித்த மெல்லிழையின் மீது தூவுவார்கள். ஒரே பச்சை பொய்யாகத் தோன்றும். மஞ்சளும் சாம்பலும் சிறிது கலக்க வேண்டும். நிறைய ஒட்டினால் மரம் முட்டைக்கோசு போலாகிவிடும். பறவை நுழைந்து வெளிவரும் அளவுக்கு இடைவெளி வேண்டும். பட்ட கிளை ஒன்றிரண்டும் வேண்டும்.

உதிர்ந்து கிடக்கும் இலைகளுக்கு அவர் சொன்ன வழி என்னை வியப்பில் ஆழ்த்தியது. குளிர்நாடுகளில் பிர்ச் என்றொரு மரம் உண்டு. அதன் காய்க்கொத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் விதைகளும், விதைகளைக் காத்த செதில்களும் உதிரும். செதில் ஒவ்வொன்றும் மும்மடலாய், மேப்பிள் இலையின் சிற்றுருவமாய் இருக்கும். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்யும் காட்சிகளில் அதனையே இலைச்சருகாகத் தூவுகிறார்கள். "எந்தக் கத்தரியாலும் இத்துணை நேர்த்தியாக வெட்ட முடியவில்லை, ஹஜ்ரத்" என்றார்.

முஜாஹித் (ரஹ்) அவர்களின் அச்சத்துக்கு இதிலேயே ஒரு விடை இருப்பதாக எனக்குப் பட்டது. மரத்தைப் போலச் செய்ய முயன்றவர் இறுதியில் மரத்திடமே கையேந்த நேர்ந்தது. விதையைப் படைப்பது இருக்கட்டும். விதையின் மேலாடையைக்கூட வெட்ட முடியாமல் கடன் வாங்கினார். வேலை திறம்படும்தோறும் தம் இயலாமையை அவர் மிகுதியாக அறிகிறார். உதிரும் ஒவ்வோர் இலையும் இறைவனின் அறிவுக்குள் அடங்கியது எனத் திருமறையின் ஆறாம் அத்தியாயம் உணர்த்துகிறது. அதை ஓதிக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர், நம் வீட்டு வேம்பின் பட்டை என்ன நிறமென்று நோக்கியிருக்கிறோம்? இம்மாணவர் நோக்கியிருக்கிறார். இலையை நோக்கக் கற்பிக்கும் வேலை, இலையைப் படைத்தவனை மறக்கச் செய்யும் என நான் கருதவில்லை.

ஆயினும் போலியின் எல்லையை நாம் மறத்தல் ஆகாது. அவர் வாழும் மாநிலத்திலேயே பீட்டர்ஷாம் என்னும் சிற்றூர் உள்ளது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1907-இல் தொடங்கிய ஆய்வுக் காடு அங்கிருக்கிறது. அதன் முதல் இயக்குநர் ரிச்சர்டு ஃபிஷர். அவர் பெயரிலுள்ள காட்சிச்சாலையில், குர்ன்ஸி, பிட்மன் ஆகிய கலைஞர்களின் கூடத்தார் 1930-களில் செய்த 23 காட்சிப் பேழைகள் உள்ளன. மரங்கள் செப்புக் கம்பியால் ஆனவை. ஒரே நிலப்பரப்பு 1700-இல் பெருங்காடாகவும், 1830-இல் வெட்டித் திருத்திய வயலாகவும், 1850-இல் உழவர் கைவிட்ட நிலமாகவும், பின்னர் அவ்வயலிலேயே எழுந்த வெண்பைன் காடாகவும் வரிசையாகக் காட்டப்படுகிறது. நில வரலாற்றைக் கண்முன் நிறுத்தும் நூல் என்றே அவற்றைச் சொல்லலாம். அங்கே இலை பொய்யாக இருந்தால் எந்த மரம் போய் எந்த மரம் வந்தது என்ற பாடமே பொய்த்துவிடும்.

அப்பேழைகள் உருவான அதே பத்தாண்டில், 1938 செப்டம்பர் 21 அன்று பெரும்புயலொன்று அந்நிலப் பகுதியைத் தாக்கியது. ஹார்வர்டு காட்டின் வெண்பைன்களில் பெரும்பகுதி ஒரே நாளில் சாய்ந்தது. செப்பு மரங்கள் சாயவில்லை. இன்றும் கண்ணாடிக்குப் பின்னே நிற்கின்றன. ஆனால் வெளியே சாய்ந்த காட்டில் அடுத்த ஆண்டுகளில் புதுக் கன்றுகள் எழுந்தன, அடிமரங்கள் துளிர்விட்டன. சாயாத செப்பு மரத்தில் எண்பதாண்டுக்கு மேலாகியும் ஒரு துளிர் இல்லை. விழவும் மீண்டும் எழவும் வல்லது எதுவோ அதுவே படைப்பு. விழாமல் நிற்பது நம் கைவேலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதாதவரை கைவேலைக்கு இழுக்கில்லை.

இவற்றையெல்லாம் அவரிடம் சொல்லி, அறிஞர்களின் இரு கருத்துகளையும் எடுத்துரைத்தேன். பிறகு, சொல்ல வேண்டிய இன்னொன்றையும் சொன்னேன்: "தம்பி, அன்று உங்களுக்கு நான் பாதியை மட்டும் கற்பித்தேன். அது என் தவறு."

அவர் தலைகுனிந்து சற்று நேரம் இருந்தார். பின்னர் பையிலிருந்து துணி சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துத் தந்தார். ஒரு சாண் உயரத்தில் ஒரு மரம். இப்போது அது என் பாட மேசையின்மேல் இருக்கிறது. பிள்ளைகளிடம் தடையொன்றைச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் என் கண் அதன் மீது படுகிறது. கதவு எங்கே திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்ன பின்னரே அடுத்த பாடத்துக்குச் செல்கிறேன்.