சூரைச்செடியின் கீழே ஓர் உறக்கம்

செகந்திராபாத்தின் தமிழ்ச் சபைகளிலும் ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் போடும் வழக்கம் உண்டு. வேலை, விசா, கலியாணம், பிள்ளைப்பேறு என்று விவரமாக எழுதிய சீட்டுகளுக்கு நடுவே, பெயர் போடாமல் ஒரே வரியில் சில வரும்: இரவில் தூக்கம் வர ஜெபிக்கவும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்னவெல்லாமோ இருக்கலாம். வெளிவட்டச் சாலையில் கண்முன்னே நடந்த விபத்து. குடித்துவிட்டு வந்து அடித்த தகப்பன். சிறுவயதில் நேர்ந்து, பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் புதைத்து வைத்த ஒன்று. உடம்பில் பட்ட காயம் ஆறிப் பல வருஷம் ஆகியிருக்கும். லாரி ஹார்ன் சத்தம் கேட்டால் கை இன்னும் நடுங்கும்.

இப்படித் தவிக்கிறவரிடம் இன்று யாராவது ஒருவர் வந்து, நாக்கின் அடியில் இரண்டு சொட்டுக் கஞ்சா எண்ணெய் விட்டுப் பார், வெளிநாட்டில் டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள் என்று சொல்கிறார். விசுவாசியான மனசு தயங்குகிறது. இது பாவமா என்று போதகரைக் கேட்கிறது.

வலி தீர்க்கும் மருந்தைப் பற்றிய இந்தக் கேள்வி பழையது. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற மருத்துவர் பிரசவ வேதனைக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோதும் அது எழுந்தது. வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்டிருக்க, அந்த வேதனையை மனிதன் நீக்கலாமா? மறுப்பாளர்களுக்குப் பதிலாக சிம்சன் ஒரு சிறு நூலே எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கர்த்தர் அவனை அயர்ந்த நித்திரைக்குள் ஆழ்த்தவில்லையா என்பது அதில் அவர் எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று. 1853இல் விக்டோரியா மகாராணியே பிரசவத்தில் குளோரோஃபார்மை ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கதையின் அடுத்த பகுதி ஹைதராபாத்தில் நடந்தது. அதைத்தான் நாம் நிதானமாக வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே பிரிட்டிஷ் ரெசிடென்சியின் மருத்துவராக இருந்தவர் எட்வர்ட் லாரி. குளோரோஃபார்மால் சிலர் மேசையிலேயே இறந்துபோவது ஏன் என்று கண்டறிய, ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் ஆதரவில் 1888இலும் 1889இலும் இரண்டு ஆணையங்கள் கூடின. இரண்டாவதற்கு நிஜாம் பணம் கொடுத்து லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் என்ற அறிஞரை வரவழைத்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளின்மேல் சோதனை நடந்தது. முடிவு இது: முதலில் நிற்பது மூச்சு, அதன் பிறகுதான் இதயம், ஆகவே மூச்சை மட்டும் கவனித்தால் போதும். லாரி தன் மாணவர்களுக்கு அப்படியே கற்பித்தார். மார்பு ஏறி இறங்குவதைப் பார், நாடியைத் தேடாதே. மயக்க மருந்து கொடுத்த முதல் பெண் மருத்துவர் என்று போற்றப்படும் ரூபா பாய் ஃபர்தூன்ஜி பயின்றதும் ஹைதராபாத்தின் அதே மருத்துவப் பள்ளியில்தான்.

ஆனால் 1911இல் குட்மன் லெவி என்ற ஆய்வாளர் வேறொன்றைக் காட்டினார். குளோரோஃபார்ம் கொஞ்சமாக ஏறியிருக்கும்போதே இதயத் துடிப்பு திடீரென்று குலைந்து உயிர் போகக்கூடும். ஹைதராபாத் ஆணையம் அடித்துச் சொன்னது தவறு. லாரி நல்ல மனிதர். நோயாளி வலியில்லாமல் கத்திக்குக் கீழே படுக்க வேண்டும் என்று உள்ளபடியே விரும்பியவர். அந்த விருப்பத்தின் வேகத்தில், மருந்து குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்றும் விரும்பிவிட்டார். இரக்கம் உள்ளவனுக்கு வருகிற சோதனை இது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பயமும் பணிவும் சேர்ந்தே வருகின்றன.

கஞ்சாவின் காரியத்திலும் சிம்சனிடமிருந்து ஒன்று, லாரியிடமிருந்து ஒன்று என்று இந்த இரண்டு பாடங்களும் வேண்டும். வேதனையைச் சகிப்பதே பரிசுத்தம் என்று கடவுளின் பெயரால் மருந்தைத் தடுக்கக் கூடாது. சிலுவையருகே வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை இயேசு மறுத்தார் என்பதை எடுத்துக்காட்டி நோயாளியைத் தாங்கிக்கொள்ளச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த வேதனை அவர் தமக்கென்று ஏற்ற பாத்திரம். அதை அடுத்தவர் வாயில் ஊற்ற நமக்கு அதிகாரம் இல்லை. அவர் சொன்ன கதையில் வருகிற சமாரியன், அடிபட்டவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். 1957இல் போப் பன்னிரண்டாம் பயஸ், கடும் வலியைத் தணிக்க வேறு வழியில்லாதபோது, ஆயுள் ஓரளவு குறையக்கூடும் என்றாலும் மருத்துவர் வலிநீக்கி கொடுக்கலாம் என்று போதித்தார். 2014இல் போப் பிரான்சிஸ், போதைக்காகப் பயன்படுத்தும் பொருள்களைச் சட்டம் அனுமதிப்பதை உறுதியாக எதிர்த்தார். இரண்டு குரலிலும் எனக்குக் கேட்பது ஒரே மேய்ப்பனின் அக்கறை.

இரண்டாவது பாடத்தின்படி, இனி மருந்தையே சோதிப்போம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் கன்னபிடியால், குழந்தைகளுக்கு வரும் சில அரிய வகை வலிப்புகளுக்கு உதவுவது நிரூபணமானது. 2018இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. மன அதிர்ச்சிக்கு அந்த உறுதி இல்லை. போர் அனுபவத்தால் மன அதிர்ச்சிநோய்க்கு ஆளான 80 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த சோதனை 2021இல் வெளியானது. கஞ்சா புகைத்தவர்களும் வெற்றுப் புகை புகைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். அமெரிக்கப் படைத்துறையின் 2023ஆம் ஆண்டு சிகிச்சை வழிகாட்டி, இந்த நோய்க்குக் கஞ்சா வேண்டாம் என்றே சொல்கிறது. இளவயதில் தொடர்ந்து புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் செடியின் பூக்கும் நுனியைத்தான் கஞ்சா என்று வரையறுக்கிறது. தனி இலை அதற்குள் வராததால் ஆயுர்வேத உரிமத்தோடு இலை சேர்ந்த மருந்துகள் விற்பனைக்கு வருகின்றன. உரிமம் இருப்பதாலேயே அது அதிர்ச்சிநோயைக் குணமாக்கும் என்று ஆகிவிடாது.

ஆகவே என் பதில் இது. மருந்து தேடுவது பாவமில்லை. ஆனால் இந்த நோய்க்கு இந்தச் செடியை இன்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் தூங்காதவனுக்கு என்ன தருவோம்? எலியாவை நினைத்துக்கொள்கிறேன். கர்மேலில் அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசி, யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்தில் ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் ஆண்டவரே, சாகிறேன் என்கிறான். விசுவாசக்குறைவு என்று வானம் அவனைக் கடியவில்லை. தூங்கவிட்டது. தூதன் தொட்டு எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. தின்று, குடித்து, திரும்பப் படுத்துக்கொண்டான். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கடவுளின் கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது, நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பிறகு. மெல்லிய சத்தத்துக்குப் பிறகு அதே கேள்வி மறுபடியும் வருகிறது. உடைந்த மனிதனைக் கடவுள் நடத்தும் வரிசை இது. நம் சுகமளிக்கும் கூட்டங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது: முதலில் கேள்வி, பிறகு கண்டனம், சாப்பாட்டை யாரும் நினைப்பதில்லை.

சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற பெயர் வசையானதுபோல, ஹைதராபாத்தில் எர்ரகட்டாவும் வசையாகிவிட்டது. அங்கிருக்கும் அரசு மனநல மருத்துவமனைக்குப் போவதை ஒளித்துவைக்கிற விசுவாசிகள் இருக்கிறார்கள். மாத்திரை சாப்பிடுவதைச் சாட்சியில் சொல்லத் துணிகிறவர் குறைவு. நாம் இப்படி வெட்கப்பட வைத்தால், தூக்கமின்றித் தவிக்கிற பிள்ளை கஞ்சா விற்கிறவனிடம்தான் போவான். அவன் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்துவிட்டவன் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற அதே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி விடுகிறது. இதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

போதகர்களே, மூப்பர்களே, கேட்கிறவருக்காக ஜெபியுங்கள். பிறகு அவரோடு ஆஸ்பத்திரி வரை போங்கள். வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அந்த எண்ணை உங்கள் சபையின் அறிவிப்புப் பலகையில் இந்த வாரமே எழுதி வையுங்கள்.