அமைந்ததும் அமைத்ததும்

"கல்யாணம் அமைஞ்சது, வேலை கிடைச்சது, வீடும் வாய்ச்சது." அம்மா தன் கதையைச் சொன்னால் வினைச்சொற்கள் இப்படித்தான் வந்து விழும். எதையும் அவள் செய்ததாக இருக்காது. அடக்கம் என்றே நினைத்திருந்தேன், ஜில் கெர் கான்வேயைப் படிக்கும்வரை.

வரலாற்றாய்வாளரான கான்வே ஒன்றைக் கவனித்தார். சிகாகோவில் ஏழைகளுக்காக ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தை நிறுவிய ஜேன் ஆடம்ஸ் போன்றவர்களின் கடிதங்களில் திட்டமும் கணக்கும் பிடிவாதமும் இருக்கின்றன. அதே பெண்கள் சுயசரிதை எழுத உட்கார்ந்ததும், எல்லாம் தானாக நடந்ததுபோல எழுதிவிடுகிறார்கள்.

கான்வே வளர்ந்தது ஆஸ்திரேலியாவில், கூரைன் என்ற 18,000 ஏக்கர் செம்மறிப் பண்ணையில். கொடும் வறட்சி. குழாய் வேலைக்காக அணைநீரில் இறங்கிய அப்பா மூழ்கி இறந்தபோது மகளுக்கு வயது 10. பின்னாளில் சிட்னி பல்கலைக்கழகத்தில் முதல் வரிசையில் தேறி, வெளியுறவுப் பணிக்கு விண்ணப்பித்தார். கூட விண்ணப்பித்த ஆண்களுக்கு வேலை, இவருக்கு இல்லை. ரொம்ப அழகு, சீக்கிரம் கல்யாணமாகிவிடும், அறிவில் முரட்டுத்தனம் என்றெல்லாம் காரணங்கள். 1960-இல் ஹார்வர்டுக்குக் கிளம்பினார்.

1975-இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரிக்குத் தலைவரானார். பெண்களுக்கான அந்தக் கல்லூரிக்கு முதல் பெண் தலைவர் வர நூறாண்டு பிடித்திருக்கிறது! படிப்பைப் பாதியில் விட்டு, வயது கூடிவிட்ட பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களில் சிலர் அரசு உதவித்தொகையில் பிள்ளை வளர்ப்பவர்கள். கல்லூரி பணம் கொடுத்தால் அரசு தன் பணத்தை நிறுத்திவிடும். கான்வே பணமாகக் கொடுக்கவில்லை. வீட்டு வாடகையைக் கல்லூரியே கட்டியது; கடைகளில் கணக்கு வைத்துக் கொடுத்தது. குடும்பம் நடத்தத் தெரிந்தவருக்கே வரும் சூட்சுமம் இது.

கூரைனிலிருந்து கிளம்பிய அந்தக் கதையை 1989-இல் அவரே புத்தகமாக்கினார். அதில் விதியை விட முடிவுகள்தான் அதிகம்.

போன மாதம் பரண் ஒழித்தபோது, வீடு கட்டிய காலத்து அம்மாவின் நோட்டு அகப்பட்டது. அட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே பென்சிலில்: 'செங்கல் 2 லோடு. உடைசல் அதிகம். ஒரு லோடைத் திருப்பி அனுப்பினேன். மேஸ்திரி கூலி ஏற்றிக் கேட்டார். மறுத்தேன். சீட்டு எடுத்தேன்.'

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "எடுத்தேன்" என்ற சொல்லில் விரலை வைத்து, மெல்ல வாசித்தாள்.