வெட்டி ஒட்டும் நினைவு

ஸ்கிராப்புக் என்பது புகைப்படங்களோடு பயணச்சீட்டு, வாழ்த்து அட்டை, குழந்தை கிறுக்கிய தாள் போன்றவற்றையும் ஒட்டி, பக்கத்திலேயே கைப்படக் குறிப்பு எழுதி வைக்கும் குடும்ப ஏடு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இது பரவலாக இருந்தது. பசை தடவிய தாள்கள் கொண்ட ஸ்கிராப்புக் ஒன்றுக்கு எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல் காப்புரிமையே பெற்றார். இன்று காணும் வடிவம் பெரும்பாலும் யூட்டா மாநிலத்து மோர்மன் குடும்பங்களிலிருந்து வந்தது. 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த பதிவுகளுக்கான உலக மாநாட்டில் அந்த மாநிலத்தைச் சேர்ந்த மேரிலன் கிறிஸ்டென்சன் தம் குடும்பத்தின் 50 ஏடுகளைக் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டே இதற்கென்று ஒரு கடையும் திறந்தார்.

அந்த மண்ணில் இது வேர்விட்டதற்குச் சமயக் காரணம் உண்டு. தங்கள் திருச்சபை நிறுவப்பட்ட 1830 ஏப்ரல் 6 அன்றே, பதிவேடு வைக்க வேண்டும் என்ற கட்டளை கிடைத்ததாக மோர்மன்கள் நம்புகிறார்கள். கோயிலில் சடங்கின் மூலம் ‘முத்திரையிடப்பட்ட’ குடும்ப உறவு மரணத்துக்குப் பிறகும் தொடரும் என்பது அவர்களின் கோட்பாடு. முன்னோர் இன்னார் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கான சடங்கைச் செய்ய முடியும். ஆகவே குடும்பத்தின் நினைவைக் காப்பது அங்கே கடமை.

கடமை என்றதும் சிக்கலும் கூடவே வருகிறது. சிறு குழந்தைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு, அதிலும் தாய்மாருக்கு, ஓய்வு நேரம் அரிது. இந்த ஏடுகளைச் செய்ய அவர்கள் மாதத்தில் ஒரு மாலை தோழி வீட்டில் கூடுவார்கள். படங்களின் ஓரங்களை வெட்டுவதை வைத்து அந்தக் கூடுகைக்கு ‘கிராப்’ என்றே பெயர். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து, அதே குழந்தையின் படத்தை ஒட்டிக்கொண்டிருப்பது எந்த வகையில் அன்பாகும்?

நினைவை ஏட்டிடம் ஒப்படைத்தால் நினைப்பதே நின்றுவிடுமோ என்ற ஐயமும் பழையது. பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் வரும் எகிப்திய அரசன் தாமுஸ், எழுத்து வந்தால் மனிதர் உள்ளத்தால் நினைப்பதை விட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறான். அந்த அச்சம் வீண் அல்ல. உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை. ஆகவே கருவியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கவனம் எங்கே நின்றது என்பதே முக்கியம். கைப்பேசியில் ஆயிரம் படங்களைச் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பாராதவரைவிட, ஒரே படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அது எந்த நாள், அப்போது குழந்தை என்ன சொன்னது என்று யோசிப்பவர் உண்மையில் நினைக்கிறார்.

தோழிகள் ஏன் வேண்டும் என்பதற்குப் பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் 1925இல் எழுதிய நூல் வழிகாட்டுகிறது. தனி மனிதரின் நினைவும் குடும்பம், சமயம் போன்ற குழுக்கள் தரும் சட்டகத்துக்குள்தான் எழுகிறது என்பது அவர் வாதம். கிராப் மேசையில் இதைக் கண்ணால் காணலாம். ‘இது எந்த வருடப் பிறந்தநாள்?’ என்று ஒருத்தி கேட்பாள். ‘உன் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று பாதியிலேயே கிளம்பினாயே, அந்த வருடம்’ என்று இன்னொருத்தி சொல்வாள். தாய் களைப்பில் மறந்ததைத் தோழி காத்து வைத்திருக்கிறாள். அந்த மாலை குழந்தையிடமிருந்து திருடிய நேரம் ஆகாது என்று சொல்ல இந்தக் காட்சியே போதும்.

ஆனால் அதே மேசையில் இன்னொரு இழுப்பும் உண்டு. பிறர் பார்க்கும் பக்கத்தில் கடற்கரையும் கேக்கும் இடம்பிடிக்கும். மருத்துவமனை இரவும் கணவன் மனைவி பேசாதிருந்த வாரமும் விடுபடும். புனித அகஸ்தீன் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில், இளவயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடியதைக்கூட மறைக்கவில்லை. கடவுள் முன்னிலையில் நினைப்பவர் தேர்ந்தெடுத்து நினைக்க முடியாது என்பது அதன் அடிப்படை. குடும்ப ஏட்டுக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை. பேசவோ மறுக்கவோ அறியாத குழந்தையின் அவமானங்களை ஏட்டில் ஏற்றுவது தவறும்கூட. ஆயினும், துயரம் இருந்ததற்கான தடயமே இல்லாத ஏடு, பின்னாளில் அதைப் புரட்டும் மகனுக்கோ மகளுக்கோ தன் வீட்டை அடையாளம் காட்டாது.

மூத்த குழந்தைக்கு மூன்று ஏடுகள், இளையதற்குப் பத்துப் பக்கம் என்ற நிலை பல வீடுகளில் இருக்கிறது. அதைக் குற்றமாக எண்ணி வருந்துவோரும் உண்டு. ஆனால் பதிவின் கடமை படத்தின் பின்புறம் பெயரும் தேதியும் எழுதியதோடு பெரும்பாலும் நிறைவேறிவிடுகிறது. அலங்காரத் தாளும் நாடாவும் இல்லை என்பதால் எந்தக் குழந்தையும் குறைவாக நினைக்கப்பட்டதாகாது.