முதல் திர்ஹம் உணவுக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நான் ஆலிம் அல்லன். தராசு பிடிக்கும் கடைக்காரன். மார்க்கச் சட்டம் பேச வரவில்லை. சென்ற மாதம் நம் சங்கத்தின் உதவிப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது எழுந்த பேச்சு ஒன்று என் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

"கையும் காலும் தெம்பாக இருக்கிற ஆம்பளைக்கு எதற்கு மாதா மாதம் அரிசிப் பை? நிறுத்திப் பாருங்கள், மறுநாளே வேலைக்குப் போவான்" என்றார் ஒரு பெரியவர். பக்கத்தில் இருந்தவர், "சம்பளத்தைக் குறைத்துக் கேட்கச் சொல்லுங்கள் நானா, கேட்டால் எந்த முதலாளி வேண்டாம் என்பான்?" என்றார். பட்டியலில் இரண்டு பெயர்கள் அடிக்கப்பட்டன. அன்று நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன். அப்படிச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஏழைகளுக்கு அள்ளிக் கொடுக்கிறவர்கள். அவர்கள் ஆதாரமாக எடுத்துக் காட்டியதும் ஒரு ஹதீஸைத்தான். பெருமானார் (ஸல்) அவர்கள் யாசிக்க வந்தவரிடம் கோடரியைக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பவில்லையா என்று கேட்டார்கள்.

அனுப்பினார்கள், உண்மை. ஆனால் அந்த வரலாற்றை நாம் பாதியிலிருந்து சொல்லிப் பழகிவிட்டோம். அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வருகிற அந்தச் சம்பவத்தை முதலிலிருந்து பார்ப்போம்.

அன்ஸாரிகளில் ஒருவர் யாசித்து வருகிறார். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று பெருமானார் (ஸல்) விசாரிக்கிறார்கள். போர்த்தவும் விரிக்கவும் பயன்படும் ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் உண்டு என்கிறார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தம் திருக்கரத்தில் ஏந்தி ஏலம் கூறுகிறார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்கிறார். அந்த விலைக்கே கொடுத்திருக்கலாமே! கஷ்டப்பட்டவனின் பொருள், வந்த விலைக்குத் தள்ளிவிடு என்பதுதானே நம் கடைத்தெரு வழக்கம்? பெருமானார் (ஸல்) அப்படிச் செய்யவில்லை. இதற்கு மேல் கொடுப்பவர் யார் என்று இரண்டு மூன்று முறை கேட்கிறார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹத்துக்கு வாங்கிக்கொள்கிறார்.

இப்போதுதான் கவனிக்க வேண்டிய இடம். இரண்டு திர்ஹங்களையும் அவரிடம் கொடுத்து, ஒன்றுக்கு உணவு வாங்கிக் குடும்பத்தாரிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். மற்றதற்குக் கோடரி வாங்கித் தம்மிடம் கொண்டுவரச் சொல்கிறார்கள். முதல் திர்ஹம் உணவுக்கு, இரண்டாவதுதான் கோடரிக்கு. "முதலில் விறகு வெட்டு, சம்பாதித்த பிறகு சாப்பிடு" என்று சொல்லவில்லை. கோடரி வந்ததும் அதற்குத் தம் கையாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, பதினைந்து நாள் என் கண்ணில் படாமல் வேலையைப் பார் என்று அனுப்புகிறார்கள். அவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துத் திரும்புகிறார். அந்தப் பதினைந்து நாளும் வீட்டு அடுப்பு எரியத் தொடங்கியது எந்தக் காசில் என்று நாம் யோசித்ததுண்டா?

உதவியை நிறுத்தினால் வேலை வரும், கூலியைக் குறைத்தால் வேலை பெருகும் என்ற எண்ணம் புதிதல்ல. நம் மலாயாவிலேயே அது சோதித்துப் பார்க்கப்பட்ட காலம் உண்டு. 1925ல் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், உலக வியாபார மந்தத்தில் சரிந்து 1932ல் பத்துக் காசுக்கும் கீழே போயிற்று. 1930ல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆணுக்கு 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணுக்கு 40லிருந்து 32 காசாகவும் வெட்டப்பட்டது. பின்னும் பல தோட்டங்களில் அதற்கும் கீழே இறங்கிற்று. வேலை போனவனுக்கு உதவித் தொகை என்று ஒன்று கிடையாது. கிடைத்ததெல்லாம் ஊருக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட்டுதான். 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். பசியும் மலிவான கூலியும் வேலையை உண்டாக்கும் என்றால், 1932ல் ஒவ்வொரு தோட்டத்திலும் ஆளுக்குத் தட்டுப்பாடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனெனில் குறை தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. ரப்பரை அதிகமாக வாங்கி வந்தவை அமெரிக்க மோட்டார் தொழிற்சாலைகள். அவை வாங்குவதைக் குறைத்துவிட்டன. வாங்க ஆளில்லாத பாலைக் குறைந்த கூலிக்கு வெட்டி என்ன செய்வது? நாடுகள் கூடிப் பேசி 1934ல் ரப்பர் உற்பத்திக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்த பின்னர்தான் விலை நிமிர்ந்தது.

நம்மை ஆண்ட பிரிட்டனும் தன் சொந்த மக்களிடம் இதையே செய்தது. 1931ல் வேலையில்லாதவர்களின் உதவித் தொகையில் பத்தில் ஒரு பங்கை வெட்டி, வீட்டுச் சாமான்வரை கணக்கெடுக்கும் சோதனையையும் வைத்தது. 1933 ஜனவரியில் அங்கே வேலையில்லாதோர் ஏறக்குறைய 30 லட்சம் பேர். வெட்டிய தொகையை 1934ல் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பழங்கதை என்பவர்களுக்கு அண்மைக் கணக்கு ஒன்று. 2020 பிப்ரவரியில் மலேசியாவில் வேலையில்லாதோர் 3.3 சதவீதம், மே மாதத்தில் 5.3 சதவீதம். மூன்று மாதத்தில் இத்தனை பேருக்குத் திடீரென்று சோம்பல் பிடித்துக்கொண்டதா? நடமாட்டக் கட்டுப்பாட்டில் கடைகள் அடைபட்டன, வேலை போயிற்று. அவ்வளவுதான்.

அந்த வருடத்தில் என் கடையில் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்கிறேன். என்னிடம் பல வருடம் இருந்த சிப்பந்தி ஒருவர் 1800 வெள்ளி வாங்கினார். கடை திறந்த சமயம் வேறொருவர் வந்து, "மாமு, எந்தச் சம்பளமானாலும் சரி" என்று நின்றார். 1300க்கு ஒப்புக்கொண்டார். நான் என்ன செய்தேன்? பழைய ஆளைக் கூப்பிட்டு, நீயும் 1300க்கு இரு, இல்லையேல் உன் இஷ்டம் என்றேன். அவர் போய்விட்டார். முன்பும் என் கடையில் ஒரு வேலை. பின்பும் ஒரு வேலை. ஓர் ஆள் உள்ளே வந்தார், ஓர் ஆள் வெளியே போனார். குறைந்தது சம்பளம் மட்டுமே. என் போன்ற கடைக்காரர்கள் தெருவெங்கும் அதையே செய்தபோது, எங்கள் கடன் புத்தகமே சாட்சி சொல்லிற்று. பெரிய டின் பால்மாவு வாங்கியவர்கள் சிறிய பாக்கெட்டுக்கு வந்தார்கள். பிறகு, "இந்த மாதம் வேண்டாம் நானா" என்றார்கள். விற்பனை குறைந்ததால் மாலை நேரத்துப் பையனையும் நிறுத்தினேன். கூலியில் மிச்சம் பிடித்தது கல்லாவில் காணாமற் போயிற்று. இது தனி ஒரு கடையின் கணக்கில் தெரியாது. தெருவின் கணக்கில்தான் தெரியும்.

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதி என்று அல்லாஹ் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. நான் கூலி கொடுத்தேன். ஆனாலும் அந்த ஹதீஸை ஓதும்போது அந்தச் சிப்பந்தியின் முகம் முன்னால் வந்து நிற்கிறது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. உதவித் தொகை கிடைக்கும் காலம் நீண்டால் வேலை தேடும் காலமும் ஓரளவு நீள்கிறது என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். இருக்கட்டும். தச்சன் ஒருவன் முதல் வாரமே பாத்திரம் கழுவப் போகாமல் இரண்டு மாதம் தச்சு வேலை தேடினால், அது முழுதும் நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். கொடுப்பதை வாங்கிக்கொண்டு சாய்ந்து கிடப்பவனும் உண்டு. இல்லை என்பது பொய். அவனுக்காக விதியை மாற்றும்போது யாருடைய பிள்ளை அழுகிறது என்பதே கேள்வி.

இங்கே கலீபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு ஒன்று. மதீனாவுக்கு வந்து தங்கிய வணிகக் கூட்டத்துக்கு இரவில் காவல் இருந்தபோது, ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். மீண்டும் மீண்டும் போய்த் தாயிடம் விசாரித்தார்கள். வந்தவர் கலீபா என்று அறியாத அந்தப் பெண், பால் மறக்கடிக்கிறேன், ஏனெனில் பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் மானியம் கொடுக்கிறார் என்றாள். விதியின் கோளாறு பாருங்கள்! அன்று பஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் ஓதியது விளங்காத அளவுக்கு அழுதார்கள். பிறகு செய்தது என்ன? மானியத்துக்காகப் பிள்ளையை வதைக்கிறாள் என்று தாயைத் தண்டிக்கவில்லை. மானியத்தை நிறுத்தவுமில்லை. பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு என்று அறிவித்தார்கள்.

நம் சங்கத்து விதியிலும் அப்படி ஒரு கோளாறு உண்டு. பட்டியலில் இருந்த ஒருவர் சென்ற வருடம் இரண்டு வாரம் மூட்டை இறக்கப் போனார். உடனே அரிசிப் பையை நிறுத்தினோம். வேலை முடிந்தது, பெயரைத் திரும்பச் சேர்க்க மூன்று மாதம் ஆயிற்று. அடுத்த முறை சில்லறை வேலை வந்தபோது அவர் போகவில்லை. "சோம்பேறி" என்றோம். அவரைச் சோம்பேறியாக்கிய காகிதத்தில் நம் முத்திரைதானே இருக்கிறது?

அரசாங்கத்தின் சொக்சோவில் 2018ல் வந்த வேலை காப்புறுதித் திட்டம் இதில் நம்மைவிடச் சாமர்த்தியமாக இருக்கிறது. வேலை போனவருக்கு முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாம் மாதம் 50, பிறகு படிப்படியாக 30 வரை, அதிகமாக ஆறு மாதம். இடையில் வேலை கிடைத்துவிட்டால், மீதித் தொகை முழுவதும் போய்விடுவதில்லை. அதில் 25 சதவீதத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சீக்கிரம் வேலைக்குப் போனவனுக்கு அபராதம் இல்லை, அன்பளிப்பு! ஆனால் முதலாளி பெயரைப் பதிந்து சந்தா கட்டியிருந்தால்தான் இதெல்லாம். முதலாளியின் பங்கு 0.2 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.2 சதவீதம். 1700 வெள்ளிச் சம்பளத்துக்கு மூன்றரை வெள்ளிகூட வராது. அந்தக் காசை மிச்சம் பிடித்துச் சிப்பந்தியைப் பதியாமல் விட்ட கடைகள் நம்மவர்களிடையே எத்தனை? பதியாமல் விட்டவர்களும் நாம். அவன் வேலையிழந்து வரும்போது அரிசிப் பை எதற்கு என்று கேட்பவர்களும் நாம்.

இனி அடிக்கப்பட்ட அந்த இரண்டு பெயர்கள். ஒருவர் லாரி உதவியாளர். சரக்கு லாரி ஓட்டும் லைசன்ஸ் எடுக்கப் பணமில்லாமல் நிற்கிறார். அவருக்குக் கோடரி அந்த லைசன்ஸ். காம்பு பூட்டுவது, லாரி வைத்திருக்கிற நம் உறுப்பினர்களில் ஒருவர் கூப்பிட்டுக்கொள்வது. மற்றவருக்கு முதுகில் நோவு. மூட்டை தூக்க முடியாது, கணக்கு எழுதுவார். இருவர் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவ்விருவர் பெயரையும் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றும், சில்லறை வேலைக்குப் போனால் மூன்று மாதம்வரை அரிசிப் பையை நிறுத்தலாகாது என்றும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். மறுத்துப் பேச விரும்பும் சகோதரர்கள் தவறாமல் வாருங்கள். என் கடையில் கணக்கு எழுத ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. சம்பளம் 1800 வெள்ளி, சொக்சோ பதிவுடன்.

வஸ்ஸலாம்.