பிள்ளைப்பேறும் ஆண்களின் தீட்டும்

'பிரசவம் பொம்பளைங்க சமாச்சாரம், ஆம்பளைக்கு அங்க இன்னா வேலை?' ஊரிலும் சேரியிலும், படித்தவரும் படிக்காதவரும் ஒரே குரலில் சொல்கிற பேச்சு இது. சுடுகாடு வரைக்கும் சாதிக்கொன்றாகப் பிரித்து வைத்திருக்கிற நாட்டில் இந்த ஒரு பேச்சு மட்டும் எல்லாச் சாதி ஆண்களுக்கும் பொதுவாக இருக்கிறதென்றால் அதைச் சந்தேகப்படத்தான் வேண்டும். வலியில் கிடக்கிறவளின் பக்கத்தில் இருப்பது கணவனின் அன்பைப் பொறுத்த விஷயமா, கடமையா? கடமை என்றால் எந்த அறத்தின் பேரால்?

எங்கள் வட்டாரத்துக் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐடா ஸ்கடர் 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். 2019 முதல் அரக்கோணமும் அந்தப் பெயருள்ள மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மேல்சாதி இந்து. மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில் கிடந்தார்கள். ஐடா அப்போது மருத்துவம் படிக்காதவர். அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி.

ஐடாவின் தியாகத்தைச் சொல்லத்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு அந்த மூன்று கணவர்களைப் பற்றித்தான் கேள்வி. அவர்கள் அன்பில்லாதவர்கள் இல்லை. நடு ராத்திரியில் கதவைத் தட்டியவர்கள். ஆனால் உயிரா மானமா என்று வந்தபோது மானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். யாருடைய மானம்? சாகக் கிடந்தவளை ஒரு வார்த்தை கேட்டதாகக் கதையில் இல்லை. அன்பு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்தக் கதையில் சேரி இல்லை. சேரிக்காரி எங்கே பெற்றாள், யார் பிடித்தார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் கேட்டதில்லை. புதுச்சேரிப் பக்கத்து வீரம்மா, விவசாயக் கூலி, மருத்துவச்சி, தன் வாழ்க்கையை வாயால் சொல்லச்சொல்ல அது 1995-ல் பிரெஞ்சிலும் 1997-ல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. அவர் பெற்றது பன்னிரண்டு, தங்கியது மூன்று. எங்கள் பாட்டிமார்களின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான்.

தொட்டால் தீட்டு என்று நம்மை ஒதுக்கியவர்கள் பிள்ளைப்பேற்றின் இரத்தத்தைத் துடைக்க மட்டும் நம் பெண்களைக் கூப்பிட்டார்கள். வட இந்தியாவில் தொப்புள்கொடி அறுப்பது சமார் பெண்கள் மேல் சுமத்தப்பட்ட வேலை. 1950-களிலிருந்து உத்தரப் பிரதேசத் தலித்துகள் கொடி அறுக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று நடத்திய 'நாரா மவேஷி' போராட்டம் நம் போராட்ட வரலாற்றில் பெரிய பக்கம். அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும். இரத்தம் அசிங்கம் என்பதற்காக மறுக்க வேண்டியதில்லை. நீதான் செய்யணும், உன் பிறப்புக்கு இதுதான் என்ற கட்டாயம்தான் இழிவு. அந்தக் கட்டாயத்தை மறுப்பது விடுதலை. இரத்தத்தைக் கண்டு ஒதுங்குவது பார்ப்பனியம்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். தெருவில் தீண்டாமைக்கு எதிராகக் கொடி பிடிக்கிற நாம், பிள்ளை பெற்றவள் கிடக்கிற அறை வாசலில் நின்றுகொண்டு 'தீட்டு கழியட்டும்' என்கிறோம். அவள் துணியை அவள் அம்மா அலசுகிறாள். நமக்கு ஊர் செய்ததை நாம் அவளுக்குச் செய்கிறோம்.

எங்கள் முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது நள்ளிரவிலிருந்து விடியும் வரைக்கும் இடுப்பை நீவிவிட்டதும், தெருவில் கைப்பிடித்து நடக்கவைத்ததும் நான்தான். ஆஸ்பத்திரியில் லேபர் வார்டு வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அவள் அப்புறம் சொன்னாள்: "உள்ள போனதும் என் பேரு போயிடுச்சு. நாலாம் நம்பர், நாலாம் நம்பர்னுதான் கூப்பிட்டாங்க. கத்தினதுக்கு, புருஷன்கிட்ட போகும்போது தெரியலயான்னு கேட்டாங்க." ஏழைப் பெண்கள் பலருக்குப் பழக்கமான வசை இது. தனியாகக் கிடப்பவளிடம்தான் இதைக் கேட்க முடியும். பக்கத்தில் அவளைப் பேர்சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இருந்தால் நாக்கு அவ்வளவு சுலபமாக எழாது. ஆகவே துணை என்பது வெறும் ஆறுதல் இல்லை. துணை என்பது சாட்சி. சாட்சி இல்லாத இடத்தில்தான் அவமானம் நடக்கிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. குவாதமாலாவில் நடந்து 1980-ல் வெளியான ஆய்வில், வலியில் இருந்தவர்கள் பக்கத்தில் பயிற்சியே இல்லாத, முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வலி நேரம் குறைந்தது. 2017-ல் 17 நாடுகளின் 26 ஆய்வுகள், 15,000-க்கு மேற்பட்ட பெண்களைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவு: கூடவே ஆள் இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்க 2004-லேயே அனுமதி வந்தது. மத்திய அரசு 2016-ல் நாடு முழுக்க அனுமதித்தது. மறைவுக்கு வசதி உள்ள இடத்தில் கணவனையும் விடலாம் என்றது.

மறைவு என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 'அடுத்த கட்டிலில் படுத்திருக்கிறவ மானம் என்னாவது?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் மனைவிக்கு நான் துணை, அடுத்தவளுக்கு நான் அந்நியன். அதற்குப் பதில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை. காசு கொடுத்தால் தனியார் ஆஸ்பத்திரியில் புருஷனை உள்ளே விடுகிறார்கள். அங்கே பண்பாடு குறுக்கே வருவதில்லை. ஏழைக்குத் திரை வாங்கித் தராததற்குத்தான் இங்கே பண்பாடு என்று பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவனுக்கு உள்ளே போக உரிமை என்று நான் பேசவில்லை. உரிமை அவளுடையது. அம்மா வேண்டுமா, அக்கா வேண்டுமா, புருஷன் வேண்டுமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2018-ல், பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணை என்றுதான் சொன்னது. 'நீ வேணாம், வெளிய இரு' என்று சொன்னால் வெளியே இருப்பதும் துணைதான்.

வெளியே இருக்கவாவது நேரம் வேண்டுமே. அரக்கோணத்து ரயில்வே ஊழியருக்கு, மத்திய அரசு ஊழியர் என்பதால், 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி உழைக்கிறவனுக்கு ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவன் பெண்டாட்டிக்கும் சட்டத்தில் உள்ள 26 வாரம் எட்டவில்லை. 1928-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களின் பேறுகாலச் சட்டத்தை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், ஆகவே அரசும் அந்தச் செலவைத் தாங்க வேண்டும் என்று வாதிட்டார். பிள்ளைப்பேறு 'பொம்பளைங்க சமாச்சாரம்' இல்லை, பொது விஷயம் என்று அன்றே சொன்னது அது.

நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலி இருக்கிறது, பட்டா இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது. லேபர் வார்டுக்குத் திரையும், கூலிக்காரனுக்குப் பேறுகால விடுப்பும் அதில் ஏற வேண்டும். மனு எழுதப் போகிற தோழர்கள், அதற்கு முன்னால் வீட்டில் ஊறுகிற துணியை எடுத்து அலசிக் காயப்போட்டுவிட்டுப் போகட்டும்.